மஞ்சக்குப்பம் வீடு: வரி ரசீதும் நாளைய வேலைநிறுத்தமும்

(கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக் குடும்பக் குழு உரையாடல். இராமலிங்கம், சேகர், புதுச்சேரியில் இருக்கும் செல்வி மூவரும் உடன்பிறந்தவர்கள். வசந்தி சேகரின் மனைவி. அரசுப் பள்ளி ஆசிரியை மலர், இராமலிங்கத்தின் மகள்; இனியன் அவள் மகன். அமெரிக்காவில் இருக்கும் பிரபு செல்வியின் மகன்.)

அக்டோபர் 30, மாலை 6.04

வசந்தி: [முன்னனுப்பப்பட்ட செய்தி] கனமழை காரணமாக நாளை கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை.

செல்வி: உண்மையா? முத்தியால்பேட்டையில் தூறல்கூட இல்லையே.

மலர்: சித்தி, அது ஃபெஞ்சல் புயல் சமயத்தில் சுற்றிய பழைய செய்தி. யாருக்கும் அனுப்பாதீர்கள். நாளை மழை விடுமுறை இல்லை. எங்கள் ஆசிரியர் சங்கத்தின் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம். நான் கலந்துகொள்கிறேன். இனியனைக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா? அவன் பள்ளி திறந்திருக்கும், பாடம் நடக்காது.

சேகர்: நாளை 31.

செல்வி: அதற்கென்ன?

சேகர்: வீட்டு வரி. யாருக்காவது நினைவிருக்கிறதா?

செல்வி: மார்ச் வரை நேரம் இருக்கிறதே.

சேகர்: 5 சதவீதத் தள்ளுபடி நாளையோடு முடிகிறது. அதற்குப் பிறகு கட்டினால் முழுத் தொகை. இன்னும் தள்ளினால் மாதம் 1 சதவீதம் கூடிக்கொண்டே போகும்.

செல்வி: எவ்வளவு வந்திருக்கிறது?

சேகர்: அரையாண்டுக்கு 1,860. தள்ளுபடி 93 ரூபாய்.

செல்வி: அம்மா இருந்திருந்தால் அந்த 93 ரூபாய்க்காக முதல் வாரமே போய் வரிசையில் நின்றிருப்பாள்.

வசந்தி: மாமா, ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் கல்யாணத்துக்கு வேன் சொல்லியாகிவிட்டதா?

சேகர்: ஒரு பக்கம் வரி, இன்னொரு பக்கம் வேலைநிறுத்தம். ரசீதில் ‘கல்வி வரி’ என்று தனியாகவே போட்டு வாங்குகிறார்கள். அதைக் கட்டுகிறவன் நான். பள்ளியை விட்டு வெளியே வந்து உட்காருகிறவர்கள் வாத்தியார்கள்.

மலர்: சித்தப்பா, என்னைச் சொல்கிறீர்களா?

சேகர்: பொதுவாகச் சொன்னேன்.

வசந்தி: பொதுவாக இல்லை மலர். காலையிலிருந்து கடை வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார்.

சேகர்: இருக்கமாட்டேனா? 2022 வரை இம்பீரியல் சாலைக் கடைக்கு 3,100. அந்த ஏப்ரலில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் ஏற்றினார்கள். 6,200 ஆனது. வியாபாரம் இரண்டு மடங்கு ஆகவில்லை.

இராமலிங்கம்: சேகர், நிதானமாகப் படி. கடை வரியைப் பற்றிய உன் வருத்தம் நியாயம். வீட்டுக்கு அவ்வளவு ஏறவில்லை, காரணம் பரப்பளவு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்தார்கள். நம் வீடு 1,100 சதுர அடி என்பதால் 1,240 ரூபாய் 1,860 ஆனது. கல்வி வரி விஷயத்துக்கு வருகிறேன். அதன் வேர் 1920-ஆம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பணம் தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் சேர வேண்டும். பள்ளிக் கட்டடம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு அது. ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. நீ கட்டும் கல்வி வரியில் ஒரு ரூபாய்கூட மலரின் சம்பளத்துக்குப் போவதில்லை. அதே ரசீதில் நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு என்று இருக்கிறது, அது 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குவது. சிறு வயதில் நீயும் நானும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது அந்தக் காசில்தான்.

செல்வி: அண்ணா செய்தி அனுப்பினால் பாதி படித்துவிட்டு, அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம் 😊

வசந்தி: வேன்?

இராமலிங்கம்: சொல்லிவிட்டேன் அம்மா. காலை 5 மணிக்கு வாசலில் நிற்கும்.

சேகர்: கட்டடத்துக்கான காசு என்றால் கட்டடம் எங்கே?

மலர்: அதைத்தான் நானும் கேட்கிறேன் சித்தப்பா. என் வகுப்பில் கூரைச் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. துரு கரைந்து சுவரில் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கிறது. சென்ற வாரம் மழை பிடித்தபோது 22 பிள்ளைகளையும் ஒரு சுவரோரமாக நகர்த்தி உட்கார வைத்தேன். யாழினி என்ற பெண் தன் சத்துணவுத் தட்டை ஒழுகும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பாடம் முடியும்வரை தட்டில் டொக் டொக்கென்று சத்தம். மதியம் அதே தட்டைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்றாள். மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வசந்தி: ஐயோ பாவம்.

சேகர்: இதற்காகவா வேலைநிறுத்தம்?

மலர்: முதல் கோரிக்கை ஊதியம். மறைக்கவில்லை. எனக்குப் பக்கத்து வகுப்பை எடுக்கும் அக்கா 2009 மே மாதத்துக்கு முன்பே சேர்ந்தவர். அவர்களுக்கு அடிப்படை ஊதியத்தை 8,370 என்று வைத்தார்கள். அந்த ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த எங்களுக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே பாடப்புத்தகம், ஒரே மாதிரிப் பிள்ளைகள். சேர்ந்த தேதி மட்டும் வேறு. அந்த இடைவெளி அகவிலைப்படியிலும் ஒவ்வோர் ஊதிய உயர்விலும் கூடவே வளர்ந்துகொண்டு வருகிறது.

வசந்தி: என் தங்கையை யாரும் நினைப்பதே இல்லை. 2012-இல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தார்களே, அதில் ஓவியத்துக்குச் சேர்ந்தவள். சேர்ந்தபோது 5,000 ரூபாய்ச் சம்பளம். இன்றுவரை நிரந்தரம் இல்லை.

செல்வி: அவள் பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று?

வசந்தி: ஜாதகம் வந்திருக்கிறது அண்ணி. நெய்வேலியில் வேலை. தனியாகச் சொல்கிறேன்.

மாலை 7.10

பிரபு: இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். சின்ன மாமா, பிட்ஸ்பர்க்கில் என் நிலைமையைக் கேளுங்கள். பென்சில்வேனியாவில் அந்தந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டங்கள்’ 500. ஒவ்வொன்றும் தனியாக வீட்டு வரி போடுகிறது. எனக்குப் பள்ளி வரிக்கென்றே தனி பில் வருகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் ஏறினால் தெருவில் இருக்கிற எங்களுக்கு வரி ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக் குழுக் கூட்டத்தில் ஆசிரியரும் அண்டைவீட்டாரும் நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். வரி கட்ட முடியாமல் வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

சேகர்: பார்த்தீர்களா? அங்கேயும் கட்டுகிறவன்தான் அழுகிறான்.

மலர்: அத்தான், அங்கே ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா?

பிரபு: இந்த மாநிலத்தில் செய்யலாம். உரிமை 1970-இலேயே வந்தது, 1992 சட்டம் அதற்கு விதிமுறை வைத்தது. 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கு வேண்டிய பாடத்தை எப்படியும் முடித்தாக வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த உரிமை கிடையாது. மேற்கு வர்ஜீனியாவிலும் ஆசிரியர்களுக்கு இந்த உரிமை இல்லை, ஆனாலும் 2018-இல் 55 கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆசிரியர்களும் வெளியே வந்து 5 சதவீத உயர்வு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

இராமலிங்கம்: பிரபு, வீட்டு விலை குறைந்த ஊர்களில் பள்ளிக்கு என்ன செய்வார்கள்?

பிரபு: அதுதான் பெரிய வழக்கு மாமா. பணக்கார ஊரில் குறைந்த விகிதம் போட்டாலே பணம் கொட்டும். ஏழை ஊரில் எவ்வளவு போட்டாலும் பற்றாது. 2023 பிப்ரவரியில் இந்த மாநில நீதிமன்றம் இந்த முறையே அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது.

இராமலிங்கம்: சேகர், இதைக் கவனி. தேவனாம்பட்டினத்தில் மீனவர் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் அரசு ஆசிரியருக்கும் வசதியான நகரில் எடுக்கிறவருக்கும் அரசு ஒரே ஊதிய அட்டவணைதான் வைத்திருக்கிறது. தெருவின் வீட்டு விலையைப் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. அந்த ஏற்பாட்டை நாம் விட்டுவிடக் கூடாது. அந்த அட்டவணைக்குள்ளேயே தேதியை வைத்து இரண்டு தட்டு போட்டதைத்தான் மலர் கேட்கிறாள். பணம் இல்லை என்ற பேச்சும் வரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். இரண்டு அரசுகளும் வழக்காடட்டும். அதுவரை தட்டு ஏந்துகிறவள் அந்தச் சின்னப் பெண்.

செல்வி: எங்கள் புதுச்சேரியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2023-இலிருந்து சிபிஎஸ்இ பாடம்.

சேகர்: அண்ணா, எல்லாம் சரி. 2003 மறந்துவிட்டதா?

செல்வி: சேகர், வேண்டாம்.

சேகர்: மலருக்குத் தெரிய வேண்டாமா? அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

இராமலிங்கம்: மறக்கவில்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் நானும் ஒருவன். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. திரும்ப வேலையில் சேர மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். தாள் எடுத்துக் கொடுத்தது அம்மா. மலரின் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அத்தனை ஆண்டு கரும்பலகையில் எழுதிய கை அன்றைக்கு ஒழுங்காக எழுதவில்லை. இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதில் கையெழுத்துப் போட்டேன்.

மலர்: அப்பா, இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை.

இராமலிங்கம்: அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிந்தது சேகர் கொடுத்த பணத்தில். கடைக்கு முன்பணம் கொடுக்க அவன் சேர்த்து வைத்திருந்த 18,000. கடை திறப்பது ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. அதை நான் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

சேகர்: நான் கேட்டேனா?

இராமலிங்கம்: நீ கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

செல்வி: 🙏

வசந்தி: சாப்பிட வாருங்கள் என்று நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன், ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இரவு 8.35

சேகர்: மலர், நாளைக்குப் பெயரைப் பதிவேட்டில் குறித்து வைப்பார்களா?

மலர்: ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள் சித்தப்பா. விளக்கக் கடிதம் கேட்கலாம். பயமில்லை என்று சொல்லமாட்டேன். விடுபடும் பாடத்தைச் சனிக்கிழமை வரச்சொல்லி எடுப்பதாகப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.

சேகர்: பையனைக் கடையில் விட்டுப் போ. 11 மணிக்கு வரி கட்டப் போகும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

வசந்தி: கடையில் ஆணியும் கம்பியும் கிடக்கும். வீட்டில் விடட்டும்.

மலர்: நன்றி சித்தப்பா. சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

வசந்தி: ஒன்றும் கட்ட வேண்டாம். போன தடவை அனுப்பிய டிபன் கேரியரே இங்கே இருக்கிறது.

இராமலிங்கம்: சேகர், வரி கட்டும்போது அந்தக் கூரையைப் பற்றியும் எழுத்தில் கொடுத்துவிடு. வரி கட்டுகிறவன் கேட்டால் எடை வேறு. கல்வி வரி ரசீதின் நகலை இணைத்துவிடு. மனுவை நான் இரவே எழுதி அனுப்புகிறேன்.

சேகர்: ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

இராமலிங்கம்: முயற்சி செய்கிறேன்.

செல்வி: வரி ரசீது இன்னும் அப்பா பெயரில்தானே வருகிறது? பெயர் மாற்றம் என்ன ஆயிற்று?

சேகர்: வாரிசுச் சான்று வேண்டும். உன் கையெழுத்து வேண்டும்.

செல்வி: கையெழுத்துப் போடுகிறேன். யார் பெயருக்கு மாற்றுவது என்று முதலில் பேசுங்கள்.

சேகர்: கல்யாணத்தில் பேசலாம்.

செல்வி: சென்ற கல்யாணத்திலும் இதையேதான் சொன்னாய்.

பிரபு: சின்ன மாமா, இந்த அரையாண்டு 1,767 ரூபாயை நான் அனுப்பட்டுமா?

சேகர்: வேண்டாம் அப்பா. நீ உன் பில்லைக் கட்டு. அண்ணா, வரிவிதிப்பு எண் இருக்கிற பழைய ரசீது எங்கே?

இராமலிங்கம்: அம்மாவின் டிரங்குப் பெட்டியில். காலையில் எடுத்துத் தருகிறேன். அந்தப் பெட்டியில் 2003 கடிதத்தின் வீணான தாள் ஒன்றும் இருக்கும், அதைப் பிரிக்காதே.