மேலத்தெரு வீடு: குடும்பக் குழுவில் நிச்சயதார்த்தப் பேச்சு

வெள்ளிக்கிழமை

கலா, கும்பகோணம் (காலை 5.48): [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்! நாளை நள்ளிரவு முதல் வாட்ஸ்அப்பில் வெளிநாட்டுக்குப் பேச நிமிடத்துக்குக் கட்டணம். இதை 20 பேருக்கு அனுப்பினால் உங்கள் சின்னம் நீல நிறமாக மாறும். உங்களுக்கு மட்டும் இலவசமாகத் தொடரும்.

கலா, கும்பகோணம்: பாண்டியா, பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை சங்கீதா நிச்சயத்தை வைத்துக்கொண்டு இது என்ன சோதனை?

தினேஷ்: பொய் அத்தை.

தினேஷ்: முன்பு இருந்த ஆண்டுச் சந்தாவையே 2016 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். இந்த நீல நிறக் கதை அதைவிடப் பழையது.

கலா, கும்பகோணம்: நான் 20 பேருக்கு அனுப்பிவிட்டேனே.

குமார்: நிறம் மாறியதா அக்கா?

கலா, கும்பகோணம்: இல்லை.

குமார்: இன்னும் இருவருக்கு அனுப்பிப் பாருங்கள்.

மல்லிகா: விளையாட்டு இருக்கட்டும். பெண்ணின் அப்பா ரியாத்தில், செல்வம் துபாயில், ரேவதி சிங்கப்பூரில். மூன்று பேரும் தட்டு மாற்றுவதை நடக்கும்போதே பார்க்க வழி சொல்லுங்கள். விடுப்புதான் கிடைக்கவில்லை, கண்ணால் பார்க்கவாவது வேண்டாமா?

பாண்டியன் ரியாத்: எனக்கு இங்கே செயலியில் பேச முடிகிறது. இணையப் பேச்சுக்கு இருந்த தடையை 2017இல் எடுத்தார்கள். ஆனால் ஞாயிறு இங்கே வேலை நாள். ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

செல்வம் துபாய்: எனக்கு வாட்ஸ்அப் ஆகாது சித்தப்பா. இங்கே செய்தி போகும், குரல் பதிவு போகும், பேச்சு மட்டும் போகாது. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலிக்கு மாதச் சந்தா கட்டினால்தான் உண்டு. ஊரில் இருப்பவர்கள் ஒன்றும் கட்டவேண்டாம்.

தினேஷ்: வி.பி.என். போட்டுவிடுங்கள் அண்ணா, தடையைத் தாண்டிவிடலாம். எல்லோரும் போடுகிறார்கள்.

செல்வம் துபாய்: சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்கு வி.பி.என். பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹாம் முதல் 20 லட்சம் வரை அபராதம் என்று இந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. நீ கட்டுகிறாயா?

தினேஷ்: வேண்டாம் அண்ணா.

குமார்: தோப்பை விற்றாலும் பத்தாது.

கலா, கும்பகோணம்: தோப்புப் பேச்சு இங்கே எதற்கு?

குமார்: சும்மா சொன்னேன்.

முருகேசன் (காலை 7.10): எல்லோரும் கவனிக்கவும். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளிநாட்டுப் பேச்சு மூன்று வகை. முதலாவது, இரண்டு பக்கமும் ஒரே செயலியை வைத்துக்கொண்டு பேசுவது. இதற்கு இணையச் செலவு மட்டும்தான், நிமிடக் கணக்குக் கிடையாது. இரண்டாவது, அங்கிருந்து இணையத்தில் புறப்பட்டு இங்கே சாதாரணத் தொலைபேசியில் வந்து மணி அடிப்பது. அம்மாவின் பட்டன் போனுக்கு மலிவான வழி இதுதான். ஆனால் கடைசியில் உள்ளூர் நிறுவனத்தின் கம்பியையோ கோபுரத்தையோ தொட்டாகவேண்டும். அவர்கள் சும்மா விடமாட்டார்கள், ஆகவே நிமிடத்துக்குக் காசு. மூன்றாவது நேரடி ஐ.எஸ்.டி. இதில் 2002 ஏப்ரல் 1 வரை வெளிநாட்டு இணைப்பு முழுவதும் வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. இணையத்தில் பேசவே நம் நாட்டில் அன்றுதான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்

குமார்: தந்தி.

முருகேசன்: நான் இன்னும் முடிக்கவில்லை.

குமார்: தொலைபேசித் துறை அதிகாரி வீட்டுக்குத் தொலைபேசி எப்போது வந்தது என்பதையும் அப்படியே எழுதுங்கள் அண்ணா.

முருகேசன்: வரிசையை மீறி இணைப்பு வாங்கச் சொல்கிறாயா? காத்திருப்போர் பட்டியலில் நம் முறை வந்தபோது வந்தது.

மல்லிகா: அந்த முறை வரும்வரை எதிர்வீட்டுத் தொலைபேசியில்தான் சங்கீதா அப்பா அழைப்பார், பி.பி. எண் என்பார்களே, அதில். நான் அவர்கள் கூடத்தில் நின்றுகொண்டு பேசுவேன். அந்த அம்மாள் பக்கத்திலேயே முறுக்கு பிழிந்துகொண்டிருப்பார். நான் வாயைத் திறந்தால் பிழிவது நின்றுவிடும். ஒரு தடவையாவது "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதைத் தாண்டிப் பேசியிருப்பேனா?

பாண்டியன் ரியாத்: எனக்கு முறுக்குச் சத்தம் கேட்கும்.

ரேவதி சிங்கப்பூர்: மாமா, அத்தை, இது குடும்பக் குழு.

முருகேசன்: என் யோசனை ஸ்கைப். என் கணக்கில் பழைய பணம்கூட இருக்கிறது.

தினேஷ்: ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள் பெரியப்பா.

முருகேசன்: அந்தப் பணம்?

தினேஷ்: தெரியவில்லை பெரியப்பா.

ரேவதி சிங்கப்பூர்: கூகுள் மீட் வைத்துக்கொள்ளலாம். செல்வம் அத்தான், துபாயில் அது வேலை செய்கிறதுதானே?

செல்வம் துபாய்: அலுவலகக் கூட்டமே அதில்தான் நடக்கிறது. ஜூமும் வேலை செய்யும்.

ரேவதி சிங்கப்பூர்: ஜூம் காசு கட்டாமல் 40 நிமிடம். மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். இரண்டிலும் நேரம் முடிந்தால் தானே அறுந்துவிடும்.

குமார்: அண்ணன் லக்னப் பத்திரிகை வாசித்தால் 40 நிமிடத்தில் நம் கொள்ளுத் தாத்தா பெயர்கூட வராது.

முருகேசன்: வம்சாவளியை விட்டுவிட்டு வாசிப்பது பத்திரிகையா?

சங்கீதா: முகூர்த்தம் 10.30 முதல் 11.30. அங்கே ரியாத்தில் காலை 8, துபாயில் 9, சிங்கப்பூரில் பகல் 1. இணைப்பை 10.40க்குத் தொடங்கலாமா? வரவேற்பு, காபி எல்லாம் முடிந்துவிடும். பத்திரிகையும் தட்டும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

கலா, கும்பகோணம்: கல்யாணப் பெண் இதையெல்லாம் பேசுவதா?

சங்கீதா: வேறு யாரும் பேசவில்லையே அத்தை.

பாலு வலங்கைமான் (காலை 9.02): இப்போதுதான் பார்க்கிறேன். எந்தச் செயலியாகவும் இருக்கட்டும். தட்டை யார் மாற்றுவது?

(17 நிமிடம் யாரும் எழுதவில்லை.)

முருகேசன்: அப்பா இல்லாத இடத்தில் பெரியப்பா.

பாலு வலங்கைமான்: அப்பா இல்லாத இடம் இல்லையே அத்தான். அவர்தான் திரையில் இருக்கப்போகிறாரே. தாய்மாமன் மாற்றட்டும், அப்பா பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

முருகேசன்: அது முறை இல்லை.

பாலு வலங்கைமான்: ரியாத் விசாவுக்கு என் தங்கை வளையலைக் கும்பகோணத்தில் அடகு வைத்தபோது முறை எங்கே போயிருந்தது?

மல்லிகா: அண்ணா.

பாலு வலங்கைமான்: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

குமார்: வளையல் திரும்பி வந்துவிட்டது மச்சான். கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

பாண்டியன் ரியாத்: இரண்டு பேரும் சேர்ந்து தட்டைப் பிடியுங்கள். நான் பார்க்கிறேன். வேலைக்குப் போகிறேன்.

முருகேசன்: மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன்.

கலா, கும்பகோணம்: குமார், உன் குறுவை நெல் என்ன ஆயிற்று? இங்கே நேற்று இரவு நல்ல மழை.

குமார்: அறுத்துக் கொட்டியிருக்கிறது அக்கா. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஞாயிறு வெயில் அடித்தால் நான் களத்தில்தான் இருப்பேன்.

மல்லிகா: நிச்சயத்துக்கு வரமாட்டீர்களா?

குமார்: களத்திலிருந்து இணைப்பில் வருகிறேன் அண்ணி. நானும் ஒரு வெளிநாடு.

பாலு வலங்கைமான்: எங்கள் பக்கம் இன்னும் கதிரே முற்றவில்லை. வாய்க்காலின் கடைமடை என்றால் எல்லாமே பின்னால்தான். தண்ணீரும் அப்படித்தான், மரியாதையும் அப்படித்தான்.

சங்கீதா: மாமா, நீங்கள்தான் முதல் வரிசை. நான் சொல்கிறேன்.

பாலு வலங்கைமான்: நீ சொன்னால் சரி அம்மா.

தினேஷ் (காலை 11.30): வீட்டில் போய்ச் சோதித்துப் பார்த்தேன். கூடத்தில் செல்போன் சமிக்ஞை ஒரு கோடு. மாடத்துக்குப் பக்கத்தில் இரண்டு. பந்தலில் தகரம் போட்டால் அதுவும் போய்விடும். எந்தச் செயலி மலிவு என்று சண்டை போடுவதில் பயனில்லை, நம் வீட்டுக் கூடத்தில் எதுவுமே ஓடாது.

முருகேசன்: பின்வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கலாம்.

மல்லிகா: பின்வீட்டில் யார் போய்க் கேட்பது? வேலித் தகராறுக்குப் பிறகு பேச்சுவார்த்தை ஏது?

கலா, கும்பகோணம்: அம்மா கேட்டால் கொடுப்பார்கள். அந்த மருமகளுக்கு மூன்று பிரசவத்துக்கும் மருந்து இடித்துக் கொடுத்தது அம்மாதான்.

சங்கீதா: அப்பாயியிடம் சொன்னேன். "பத்திரிகை வைக்கும்போது சேர்த்துக் கேட்கிறேன்" என்கிறார்.

குமார்: இதுவல்லவா ராஜதந்திரம்!

தினேஷ்: மின்சாரம் போனால் அந்த வைஃபையும் போகும். பெட்டிக்குச் சின்ன பேட்டரி ஒன்று மன்னார்குடியில் வாங்கி வருகிறேன். மாற்று ஏற்பாடாக என் போனின் இணையம். எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. தான். காணொளி முழுவதும் ஓடினால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அன்று ஒரு நாள் யாரும் என்னிடம் இணையம் கேட்கக் கூடாது.

மல்லிகா: போனை யார் பிடிப்பது? அத்தையிடம் கொடுத்தால் காதில் வைத்துக்கொள்கிறார்.

செல்வம் துபாய்: போன வாரம் முழுக்க அப்பாயியின் தோட்டைத்தான் பார்த்தேன். ஒரு கல் விழுந்திருக்கிறது, மாற்றிப் போடுங்கள்.

கலா, கும்பகோணம்: எந்தக் கல்? என்னிடம் யாரும் சொல்லவில்லையே. அது எனக்கென்று சொன்ன தோடு.

முருகேசன்: யார் சொன்னது?

ரேவதி சிங்கப்பூர்: அம்மா, அப்புறம் பேசலாம். போனை மணைக்கு எதிரே மரக்காலில் நெல் நிரப்பி அதில் குத்தி வையுங்கள், ஆடாது. ஒலிவாங்கி பக்கம் நெல்லுக்குள் புதைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கீதா: அப்பாயி செல்வம் அண்ணாவுக்கு ஒன்று சொல்கிறார்.

சங்கீதா: [குரல் பதிவு 1.52]

செல்வம் துபாய்: கேட்டேன். சாப்பிட்டாயா என்று நான்கு தடவை. கடைசியில் கோழியை விரட்டுகிறார்.

தினேஷ் (மாலை 6.15): மீட் இணைப்பை நாளை இங்கே போடுகிறேன். கலா அத்தை, அதை அந்த 20 பேருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

கலா, கும்பகோணம்: என் நாத்தனாருக்கு மட்டும் அனுப்பலாமா?

தினேஷ்: நாளை இரவு 8.30க்கு ஒத்திகை. ரியாத்தில் மாலை 6, துபாயில் 7, சிங்கப்பூரில் இரவு 11.

ரேவதி சிங்கப்பூர்: 11 மணிக்கா? பார்க்கிறேன்.

பாண்டியன் ரியாத்: நான் வருகிறேன். தட்டு விஷயம் முடிவாயிற்றா?

முருகேசன்: மாப்பிள்ளை வீட்டில் நம்முடைய விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாலு வலங்கைமான்: நம்முடைய என்றால்?

முருகேசன்: நேரில் பேசிக்கொள்ளலாம்.

மல்லிகா: தட்டு 21. பழத்தட்டு யார் கொண்டுவருவது என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குமார்: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கலா, கும்பகோணம்: என்ன எழுதி அழித்தாய்?