மறு: கம்யூனிட்டி காலேஜ், லிபரல் ஆர்ட்ஸ், லேண்ட் கிராண்ட்: தமிழ்ல எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல இருக்குற இந்த மூணு வகை காலேஜுக்கும் தமிழ்ப் பேர் தேடுற இழையை நேத்து ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன், தூக்கம் போச்சு. மனசுல பட்டதை எழுதிடறேன்.

> கம்யூனிட்டி காலேஜ் = சமூகக் கல்லூரி. இதுல விவாதிக்க என்ன இருக்கு?

இருக்குங்க ஐயா. நம்மூர்ல கம்யூனிட்டின்னாலே தாலுகா ஆபீஸ்ல வாங்குற சர்டிபிகேட்தான் ஞாபகம் வரும். இங்க தெரிஞ்ச பையன் ஒருத்தன் கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கான்னு அத்தைகிட்ட ஃபோன்ல சொன்னேன், "எந்த ஆளுங்க நடத்துறாங்க?"ன்னு கேட்டாங்க. சமுதாயக் கல்லூரின்னும் ஒண்ணு தமிழ்நாட்டுல ஏற்கெனவே இருக்கு, ஆனா அது கைத்தொழில் கத்துக்குடுத்து டிப்ளமா தர்ற இடம். அமெரிக்காவுல கதையே வேற. 1901ல இல்லினாய் மாநிலத்துல ஜோலியட்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதுக்கு ஜூனியர் காலேஜ்னுதான் பேரு வந்துச்சு, ஹைஸ்கூல் முடிச்ச பசங்க ஊரை விட்டுப் போகாம டிகிரியோட முதல் ரெண்டு வருஷத்தை அங்கயே படிக்கட்டும்னு. இன்னிக்கும் அதேதான், ரெண்டு வருஷம் படிச்சு அசோசியேட் டிகிரி வாங்கி, கிரெடிட்டையும் தூக்கிக்கிட்டு ஸ்டேட் யூனிவர்சிட்டில மூணாவது வருஷத்துல போய் சேர்ந்துக்கலாம், அந்த ரெண்டு வருஷ ஃபீஸ்ல நிறைய மிச்சம். நர்ஸிங், வெல்டிங்கும் உண்டு. கம்யூனிட்டிங்கற பேரு பரவுனது உயர்கல்விக்காக ஜனாதிபதி ட்ரூமன் போட்ட கமிஷனோட 1947 அறிக்கைக்கு அப்புறம்தான், அதுல கம்யூனிட்டின்னா சுத்துவட்டாரம்னுதான் அர்த்தம். அதனால "வட்டாரக் கல்லூரி"ன்னு வைப்போமே.

> தாராளக் கலைக் கல்லூரி

இது வேணாம் அண்ணா, தாராளமா மார்க் போடுவாங்களான்னு கேப்பாங்க. லிபரல் ஆர்ட்ஸ்ல வர்ற லிபரலுக்கு லத்தீன்ல அடிமையா இல்லாதவனுக்கு உரியதுன்னு பொருள், கலைன்னு சொன்னதுல இலக்கணம், தர்க்கத்தோட கணக்கும் வானவியலும் சேர்த்தி. வெறும் கலைக் கல்லூரின்னாலும் நம்ம ஆளு பி.ஏ. மட்டும்தான்னு நெனப்பான், ஆனா ஸ்வார்த்மோர்னு ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல இன்ஜினியரிங்கே இருக்கு. விஷயம் என்னன்னா சின்ன காலேஜ், பெரும்பாலும் இளநிலை மாணவர்கள்தான், பி.எச்டி. பசங்களை அனுப்பாம புரொபசரே வந்து பாடம் நடத்துவார், எந்த மேஜர் எடுத்தாலும் நாலு துறையையும் தொட்டுட்டுத்தான் வெளிய வரணும். பல்கலைக் கல்லூரின்னு ஒருத்தர் சொன்னது நல்லாதான் இருக்கு, ஆனா "பல்கலை"யை யூனிவர்சிட்டி ஏற்கெனவே எடுத்துக்கிச்சு. "விரிகலைக் கல்லூரி"? எனக்கே அரை மனசுதான், இதைவிட நல்லது கெடைச்சா விட்டுடறேன்.

> நிலக்கொடைப் பல்கலைக்கழகம்

லேண்ட் கிராண்டுக்கு இது காதுக்கு இனிமையா இருக்கு. ஆனா நடந்தது என்ன? 1862ல லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டப்படி, ஒரு மாநிலத்துக்கு காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல, எத்தனை உறுப்பினரோ ஆளுக்கு 30,000 ஏக்கர்னு கணக்குப் போட்டு அந்த மாநிலத்துக்குக் குடுத்தாங்க, கட்டடம் கட்ட இல்ல, நிலத்தை வித்து, அந்தக் காசை முதல் போட்டு, வர்ற வட்டில விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தர. இப்படி நிலம் கெடைச்ச கார்னெல் யூனிவர்சிட்டி இருக்கறது நியூயார்க்ல, அது காசாக்குன பைன் காடு விஸ்கான்சின்ல! அந்த மண்ணு பழங்குடி ஜனங்ககிட்ட பறிச்சது, அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கினது. அதைப் போய் கொடைன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுது. யாரோ பள்ளிச்சந்தம்னு எழுதியிருந்தீங்க, ரசிச்சேன், ஆனா அது சமணப் பள்ளிக்கு விட்ட நிலமாச்சே. எங்க ஊர்ல கோயில் நிலத்தை இன்னமும் மானியம்னுதான் சொல்லுவாங்க. "நிலமானியப் பல்கலைக்கழகம்" என் ஓட்டு.

*

மறு: மறு:

வட்டாரத்துக்கு நானும் ஓட்டு. விரிகலை கொஞ்ச நாள் ஊறட்டும். நிலமானியத்தை அப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன், "உர மானியம் தர்ற எடமா?"ன்னார். சிரிப்பு வந்துச்சு, ஆனா அவர் கேட்டது முழுசா தப்பில்ல, 1914லேர்ந்து இந்த யூனிவர்சிட்டிங்கதானே கவுன்டி கவுன்டியா (நம்ம மாவட்டம் மாதிரி) எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் வெச்சு, மண்ணு பரிசோதனை, பூச்சி மருந்துன்னு விவசாயிக்கு யோசனை சொல்லிட்டிருக்கு. அப்பாவுக்குப் புரிஞ்ச பேரையே வெச்சிடலாம்.