ஹீரோ தரையில் நிற்காமல் விழுகிறான், நாளைக்குள் சரியாக வேண்டும்

பென்சில்பையன்: அண்ணா, அக்கா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு குதிக்கிற கேம் செய்கிறேன், ஹீரோ சில நேரம் தரையில் நிற்காமல் கீழே போய்க் காணாமல் போகிறான். நண்பன் கணினியில் ஒன்றும் ஆவதில்லை.

ராத்திரிக்கோடு: சில நேரம் என்றால்? நடக்கும்போதா, குதிக்கும்போதா?

மூத்தவர்64: எதில் எழுதினாய் என்றுகூடச் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோசியமா பார்ப்பது? எத்தனை தடவைதான் சொல்வது.

பென்சில்பையன்: பைதான் மொழி, அதில் கேம் செய்ய உதவும் பைகேம் தொகுப்பு. மேல்மேடையிலிருந்து குதித்தால்தான் விழுகிறான். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) வைத்திருக்கிறேன், வேகத்தை டிடியால், அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தால், பெருக்கியும் இருக்கிறேன்.

கோடாட்பிரியன்: கோடாட் என்ஜினுக்கு (கேம் செய்யும் மென்பொருள்) மாறிவிடு தம்பி. இலவசம், ஹீரோ தரையில் மோதுவதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ராத்திரிக்கோடு: நாளைக்குக் கண்காட்சி, இன்றைக்கு என்ஜின் மாற்றச் சொல்கிறீர்களே, நியாயமா?

கோடாட்பிரியன்: பைகேமில் எல்லாவற்றையும் கையால் எழுதி மாட்டிக்கொள்வது மட்டும் நியாயமா?

மூத்தவர்64: கையால் எழுதினால்தான் புரியும். இழுத்துப்போட்டு கேம் செய்கிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

கோடாட்பிரியன்: அதிலும் நிரல் எழுதத்தான் வேண்டும் ஐயா, ஒருமுறை திறந்து பாருங்கள்.

ராத்திரிக்கோடு: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, கிளாக்.டிக்(60) என்பது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கு உச்சவரம்பு மட்டும்தான், கணினி திணறினால் அதற்குக் கீழே இறங்கிவிடும். நொடிக்கு உண்மையில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று சொல்லும் கெட்_எஃப்பிஎஸ் என்ன காட்டுகிறது? தரையின் தடிமன், ஹீரோ உயரம், விழும் வேகம்?

பென்சில்பையன்: 15 தான் காட்டுகிறது!! தரை 16 பிக்சல், ஹீரோ 32, வேகம் அதிகபட்சம் நொடிக்கு 1200 பிக்சல்.

ராத்திரிக்கோடு: அப்படியானால் ஒரு ஃபிரேமுக்கு 80 பிக்சல் இறங்குகிறான், ஹீரோவும் தரையும் சேர்ந்தாலே 48 தான். இந்த ஃபிரேமில் தரைக்கு மேலே, அடுத்ததில் கீழே, நடுவில் தரையைத் தொட்டதாக கேமுக்குத் தெரியவே தெரியாது. நண்பன் கணினியில் 60 வந்தால் 20 பிக்சல்தான், அங்கே தப்பிக்கிறான். படத்தை எங்கே லோடு செய்கிறாய்?

பென்சில்பையன்: வைல் லூப்புக்குள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதியில். பின்னணிப் படமும் அங்கேதான்.

மூத்தவர்64: அதானே பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கோப்பைத் திறந்து படித்தால் வேகம் எங்கிருந்து வரும்.

ராத்திரிக்கோடு: இரண்டையும் லூப்புக்கு வெளியே எடு, படத்தைச் சீக்கிரம் வரையும்படி மாற்றுகிற கன்வெர்ட்_ஆல்ஃபா சேர். கேம் சாளரத்தைத் திறக்கிற செட்_மோட் வரிக்குக் கீழே வை, மேலே வைத்தால் பிழை வரும். டிடி 1/30 நொடியைத் தாண்டாதபடி மின்() போடு, அது இரண்டு எண்ணில் சிறியதை எடுக்கும்; அப்போது எவ்வளவு திணறினாலும் ஒரு ஃபிரேமில் 40 பிக்சலுக்கு மேல் நகரமாட்டான். கேம் மெதுவாகும், ஆனால் விழமாட்டான்.

பென்சில்பையன்: படத்தை வெளியே எடுத்தேன், 58 வருகிறது. விழவில்லை. நன்றி அண்ணா, தூங்கப் போகிறேன்.

ராத்திரிக்கோடு: டிடிக்கு மின்() போட்டாயா? கண்காட்சியில் எந்தக் கணினி தருவார்கள்?

கோடாட்பிரியன்: போய்விட்டான் போலிருக்கிறது.