புதுப்பிப்பு: கியூபெக் பாலத்தை அரசே வாங்கிக்கொண்டது

கனடாவில் இருக்கும் துருப்பிடித்த கியூபெக் பாலத்துக்கு யார் பெயின்ட் அடிப்பது என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். பாலம் அப்போது சி.என். (கனடியன் நேஷனல்) என்ற ரயில் நிறுவனத்துடையது, மேலே ஓடுவதோ கார்களும்தான், செலவு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, அதற்கு ஒரு முடிவு வந்துவிட்டது. 2024 நவம்பரில் கனடா மத்திய அரசு பாலத்தை ஒரே ஒரு டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. 25 ஆண்டுகளில் சுமார் 100 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 4 கோடி, பராமரிப்புக்குப் போகும். தண்டவாளம் சி.என். வசமே இருக்கும், சாலைத்தளம் கியூபெக் மாகாணத்துடையது.

'திரும்ப' என்பதைக் கவனியுங்கள். 1993-ல் பாலத்தை சி.என்.னுக்குக் கொடுத்ததும் இதே அரசுதான். 1995-ல், அதுவரை அரசு நிறுவனமாக இருந்த சி.என்.னையே தனியாருக்கு விற்றார்கள். 1997-ல் மத்திய அரசு, கியூபெக் மாகாணம், சி.என். என மூன்று தரப்பும் சேர்ந்து 6 கோடி டாலர் போட்டுப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். பாதி கூட முடியவில்லை, பணம் தீர்ந்தது. அப்புறம் மத்திய அரசு சி.என். மீது வழக்குப் போட்டது, தோற்றது. வக்கீலுக்குக் கொடுத்த காசில் இரண்டு தூணாவது பளபளத்திருக்கும்!

1907-லும் 1916-லும் கட்டும்போதே இடிந்து உயிர்களை வாங்கிய பாலம் இது. 549 மீட்டர் நடு இடைவெளியோடு, கான்டிலீவர் (இரு பக்கத் தூண்களிலிருந்து நடுவை நோக்கி நீளும் கைகள் தாங்கும்) வகையில் இன்றும் உலகிலேயே நீளமானது.

துரு அப்படியேதான் இருக்கிறது. உரிமையாளர்தான் மாறியிருக்கிறார்.