லென்ஸில் விரல் தடம்: துடைக்கத் துடைக்கப் பரவுகிறது

மழைக்காகம்:
என் கேமராவின் 50 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடியில் அக்கா மகள் விரலை அழுத்தி வைத்துவிட்டாள். அவசரத்தில் சட்டை நுனியால் துடைத்தேன். தடம் போகவில்லை, பரவிவிட்டது. விளக்கு எதிரே இருந்தால் படம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறது. இன்னொன்று, எஃப்/16-இல் (லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி) வானத்தை எடுத்தால் மேல் மூலையில் ஒரு கரும்புள்ளி. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறது. அடித்துத் துடைக்கலாமா?

தகரடப்பா:
ஐயோ, அதை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அந்த ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும், லென்ஸ் கோட்டிங்குக்கு, அதாவது கண்ணாடி மேல் பூசிய மெல்லிய படலத்துக்கு, ஆகாது. எந்தத் திரவமானாலும் லென்ஸ் மேல் நேராக அடிக்கக் கூடாது, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

துணியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். தூசியில் மணல்துகள் இருக்கும், மணல் கண்ணாடியைவிடக் கடினம். கடற்கரையிலிருந்து வந்த கையோடு கைக்குட்டையால் தேய்த்தவன் நான். அந்த லென்ஸில் டார்ச் அடித்தால் இன்றும் வட்டவட்டமாகக் கீறல் தெரியும். (படத்தில் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியுமே.) லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்படியும் ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்.

அப்புறம்தான் துணி. சுத்தமான மைக்ரோஃபைபரில் லென்ஸ் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே வாருங்கள். அழுத்த வேண்டாம். பாதியில் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

ஒற்றைக்கண்:
அந்தக் கரும்புள்ளிக்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். முன்கண்ணாடித் தூசு அவ்வளவு தெளிவாகப் படத்தில் விழாது. வேறு லென்ஸ் மாட்டி, அதே எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். புள்ளி அதே இடத்தில் இருந்தால், கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சாரில்தான் தூசு. மெனுவில் சென்சார் கிளீனிங் இருந்தால் ஓட்டுங்கள். லென்ஸ் துடைத்த துணியோடு மட்டும் அங்கே போகாதீர்கள்.

மழைக்காகம்:
ஒற்றைக்கண் சொன்னது சரி, வேறு லென்ஸிலும் புள்ளி அசையவில்லை. மெனுவில் இரண்டு முறை ஓட்டியதும் காணோம். விரல் தடம்தான் படுத்துகிறது. சொன்னபடியே செய்தேன், இப்போது வானவில் மாதிரி கோடுகள்.

தகரடப்பா:
துணியை எதில் துவைத்தீர்கள்?

மழைக்காகம்:
மற்ற துணிகளோடு மெஷினில். அம்மா ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுவார்.

தகரடப்பா:
அதேதான். கண்டிஷனர் துணியில் படலமாகத் தங்கிவிடும், அது லென்ஸுக்கு ஏறுகிறது. புதுத் துணி எடுங்கள். இனி அதைத் தனியாக, வெறும் சோப்பில் கையால் அலசிக் காயவைத்து, மூடிய பையில் வையுங்கள்.

மழைக்காகம்:
புதுத் துணி, ஒரு சொட்டு. போய்விட்டது! பழையதை மூக்குக்கண்ணாடிக்கு ஒதுக்கிவிட்டேன்.

ஒற்றைக்கண்:
மூக்குக்கண்ணாடியிலும் கோட்டிங் இருக்கும், ஐயா.