பொருள்: எபிதீலியத்துக்குத் தமிழ்ச்சொல், திங்கள் மாலைக்குள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்கான விலங்குத் திசுக்கள் காணொளிக்குத் தமிழ்ப் படவரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தசைத் திசு, நரம்புத் திசு இரண்டிலும் தகராறு இல்லை. உறுப்புகளின் பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் 'புறத்தோல் திசு' என்று போட்டிருந்தேன். போன வாரம் செய்முறை வகுப்பில் பல்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். ஓரம் மடிந்த அப்பளத் துண்டுகள் போல வெளிர்நீலச் செல்கள், நடுவே கருநீலப் பொட்டாக உட்கரு. ஒரு மாணவி கேட்டாள்: "வாய்க்குள்ள இருக்கறதுக்கு எப்படி மிஸ் புறத்தோல்னு பேரு?"

என்னிடம் பதில் இல்லை. குடலின் உட்சுவரிலும் நுரையீரல் காற்றறையிலும் சிறுநீரகக் குழாயிலும் இருப்பது இதே திசுதான். போர்த்துக் காப்பது, உறிஞ்சுவது, சுரப்பது எல்லாம் இதன் வேலை. உதவுங்கள்.

– உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

*

அன்புள்ள அம்மா,

'திசு'விலேயே பிழை தொடங்குகிறது. பிரெஞ்சில் 'நெய்தது' என்று பொருள்படும் சொல் அது. 1800ஐ ஒட்டி பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர், நுண்ணோக்கியின் துணையில்லாமலே, உடலை 21 வகை நெசவாகப் பிரித்துக் காட்டினார். நெசவுக்கு நம்மிடம் சொற்பஞ்சமா? பாவு, ஊடை, இழை என்று எத்தனை! பொருநராற்றுப்படை, இழை போன வழியைக் கண் காணமுடியாத நுண்துணியை 'அரவுரி அன்ன அறுவை' என்கிறது. பாம்பு கழற்றிப்போட்ட அந்த உரி, நீங்கள் கேட்கும் திசுவின் மேலடுக்கேதான். எனவே பொதுப்பெயர் 'இழையம்', எபிதீலியம் 'உரியிழையம்'. 'பசு'வைப் போல முற்றியலுகரமாக நின்று திசுவை, திசுக்கள் என்று புணர்ந்துவிட்டதாலேயே 'திசு' தமிழாகிவிடாது.

– ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

*

வணக்கம் ஐயா.

'இழையம்' இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் சொல். எபிதீலியத்தை நாங்கள் 'மேலணி இழையம்' என்றே படித்தோம். இணைப்புத் திசு 'தொடுப்பிழையம்'. அணி என்பதில் அணிந்திருப்பதும் உண்டு, அணிவகுத்து நிற்பதும் உண்டு. கலங்கள், அதாவது நீங்கள் சொல்லும் செல்கள், ஒன்றோடொன்று நெருங்கி, அடியில் ஒரு மென்சவ்வின் மீது வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். மாணவியின் கேள்விக்கும் இதில் விடை உண்டு: 'மேல்' என்றால் உடம்புக்கு மேல் அல்ல, எந்தப் பரப்பானாலும் அதற்கு மேல். 'உரி' மட்டும் வேண்டாம் ஐயா. கழன்று விழுந்ததன் பெயர் அது. எமக்கு வேண்டியது உயிரோடு உறிஞ்சிக்கொண்டும் சுரந்துகொண்டும் இருப்பதன் பெயர்.

– மருத்துவர், யாழ்ப்பாணம்

*

எல்லோருக்கும் வணக்கம். நான் நாள்தோறும் திசுச் சீவல்களைப் பார்த்து அறிக்கை எழுதுபவன். 'இழை' எபிதீலியத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. நூல் கிடப்பது இணைப்புத் திசுவில். கொலாஜன் என்ற புரத இழைகள் அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எபிதீலியத்தில் செல்லோடு செல் ஒட்டி நிற்பதால் நூலுக்கு இடமே இல்லை. இரத்தக்குழாய்கூட உள்ளே நுழையாது. அடியிலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு உணவு.

இன்னொன்று. புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் கிளம்பும் கார்சினோமாக்கள். இணைப்புத் திசுவிலோ தசையிலோ கிளம்பினால் அது சார்கோமா. எது என்பதைப் பொறுத்து மருத்துவம் மாறும். நாளை மருத்துவமனைக்கு வரும் பிள்ளை 'எபிதீலியம்' என்ற சொல்லைக் கேட்டதே இல்லை என்ற நிலை வரக்கூடாது. பொருள் துல்லியம்தான் அளவுகோல் என்றால் மூலச்சொல்லே தேறாது ஐயா. டச்சு உடற்கூற்றியலர் ரூய்ஷ் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய பெயர் அது. 'முலைக்காம்பின் மேல்' என்று பொருள். அதைத்தான் உலகம் குடலுக்கும் சொல்கிறது.

– நோயியல் மருத்துவர், மதுரை

*

மதுரை மருத்துவருக்கு: மூலப்பெயரை வைத்தவர்கள் செய்த பிழையை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

'உரி'யை விட்டுவிடுகிறேன், 'மேலணி' நல்ல சொல். ஆனால் எடுத்தால் இலக்கணத்தோடு எடுங்கள். தட்டைச் செல் வகைக்குச் 'செதில்' சேர்த்தால் 'செதின்மேலணி'தான். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது போல.

– தஞ்சாவூர்

*

ஐயா, நேற்றே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 'செதின்மேலணி' என்றதும் "செதின்னா என்ன மிஸ்?" என்றார்கள். மீனின் செதில் எல்லோருக்கும் தெரியும். செதின் யாருக்கும் தெரியவில்லை. புணர்ச்சி விதி சரி, பிள்ளையின் கையிலிருந்து சொல் நழுவிவிடுகிறது. 'இழையம்' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் தசைச் செல்லை 'தசையிழை' என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டு, திசுவைத் 'தசையிழையம்' என்றால் தேர்வில் இரண்டும் கலந்துவிடும்.

'மேலணி'யை விளக்கியபோது அதே மாணவி, "சட்டைக்கு உள்பக்கம் வச்சுத் தைக்கிற லைனிங் துணி மாதிரியா மிஸ்?" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

யாழ்ப்பாண மருத்துவர் சொன்ன 'மேலணி'யை எடுத்து 'மேலணித் திசு' என்று போடுகிறேன். முதல் படத்தில் அதை ஒட்டியே 'எபிதீலியம்' வரும். வகைகளை 'தட்டை மேலணி', 'தூண் மேலணி' என்று பிரித்தே எழுதுகிறேன்.

*

அம்மா, 'மேலணித் திசு' பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். 'பிரித்தே எழுதுகிறேன்' என்பதற்கும் சேர்த்து.

அந்தப் பெண் சொன்ன லைனிங் துணிக்குத் தையற்காரர்களிடம் தமிழ்ச்சொல் ஏதும் புழங்குகிறதா? இங்கே கீழவீதியில் பழைய தையற்கடை ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.