ஸ்லைடுஷோ போட்டு வீடு விற்றவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

(தாம்பரம், வீட்டை விற்றவர்)

மேற்குத் தாம்பரத்தில் இருந்த எங்கள் வீட்டைப் போன வருடம் விற்றோம். அரை கிரவுண்டு மனை, தரைத்தளம் மட்டும், 1994-ல் அப்பா கட்டியது. முதலில் பேப்பரில் இரண்டு ஞாயிறு வரி விளம்பரம் கொடுத்தோம். அப்புறம் ஒரு தளத்தில் இலவசப் பதிவு, நான்கு போட்டோவுடன். வேலை முடிந்து வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்கள் அவை. ஹால் குகை மாதிரி தெரிந்தது.

போன் செய்தவர்களில் பாதிக்கு மேல் தரகர்கள். மற்றவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விகளைத்தான். தெரு எத்தனை அடி? கார் உள்ளே வருமா? தண்ணீர் எப்படி? 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? எனக்கு வேலை ஸ்ரீபெரும்புதூரில். ஒருவருக்கு வீட்டைத் திறந்து காட்ட அரை நாள் லீவு போட வேண்டும். ஐந்தாவதாக வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெரு சின்னதா இருக்கே சார்" என்று வாசலோடு திரும்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. தெருவை நான் படத்தில் காட்டவே இல்லையே.

படங்களை வரிசையாக ஓடவிடும் ஸ்லைடுஷோ ஒன்று செய்துவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கிழக்கு பார்த்த வாசல், அந்த நேரத்தில் ஹால் முழுக்க வெயில் இருக்கும். ஜன்னல்களைத் திறந்து, விளக்குகளையும் போட்டுவிட்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையில் நின்று போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுத்தேன். அறுபதுக்கு மேல் எடுத்து 22 மட்டும் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பலன் கொடுத்தது படங்களின் வரிசை என்றே நினைக்கிறேன். பஸ் போகும் ரோட்டு முனையில் தொடங்கினேன். அடுத்து தெரு, அகலம் கண்ணால் தெரிய வேண்டும் என்று என் காரையே ஓரமாக நிறுத்தி எடுத்தது. பிறகு கேட், போர்டிகோ, ஹால் என்று, நேரில் வருகிறவர் எப்படி நடப்பாரோ அப்படியே. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு எடுத்தேன். போர் மோட்டார், சம்ப், மின் மீட்டர், மொட்டை மாடி எதையும் விடவில்லை. போர்டிகோ படிக்கட்டுப் படத்தின் கீழே "2015-ல் தண்ணீர் இரண்டாவது படி வரை வந்தது, உள்ளே வரவில்லை" என்று எழுதினேன். பின்பக்க அறையின் சீலிங்கில் மழைக்கு ஓதம் காத்த இடத்தையும் சேர்த்தேன். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. "விக்கிற வீட்டோட ஓட்டையை யாராவது படம் பிடிச்சுக் காட்டுவாங்களா அண்ணா?" என்றாள். நான் அந்தப் படத்தை நீக்கவில்லை.

போனிலேயே இலவசச் செயலி ஒன்றில் படத்துக்கு நான்கு விநாடி வைத்துக் கோத்தேன். மொத்தம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. யூடியூபில், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றினேன். சினிமாப் பாட்டு போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை வரும், அதனால் யூடியூபின் ஆடியோ நூலகத்திலிருந்தே ஒரு வீணை இசை. ட்ரோன் வைத்து வீடியோ எடுக்க ஒருவர் 8,000 ரூபாய் கேட்டிருந்தார். இதற்குப் பைசா செலவில்லை.

அதன்பிறகு யார் போன் செய்தாலும் முதலில் இணைப்பை அனுப்பினேன். பாதிப் பேர் திரும்ப அழைக்கவில்லை. அது எனக்கு நிம்மதிதான். நேரில் வந்தவர்கள் ஏழு பேர், ஏழு பேரும் உட்கார்ந்து விலை பேசினார்கள். வாங்கியவர்களின் மகன் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் அங்கே பார்த்துவிட்டுத்தான் அப்பா அம்மாவை அனுப்பினார். முதல் கேள்வியே அந்த ஓதம்தான். மாடிக்குத் தளம் போடும் செலவாக 40,000 குறைத்தோம், அதற்கு மேல் அவர்கள் பேரம் பேசவில்லை.

(கோவை, தரகர்)

அண்ணா சொன்னது அத்தனையும் சரிங்க. நான் பதினோரு வருசமாகத் தரகு பார்க்கிறேன். எங்கள் ஊரில் விலைக்கு முன்னால் கேட்பது தண்ணீரைத்தான். எந்தக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள, "சிறுவாணியா, பில்லூரா?" என்பார்கள். அதனால் என் ஸ்லைடுஷோவில் இரண்டாவது படத்திலேயே அதை எழுதிவிடுவேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைப்பேன், ஆனால் அது 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் இணைப்பையும் தனியாக வைத்திருப்பேன்.

ஒரு தடவை பட்ட அனுபவம் சொல்கிறேன். சரவணம்பட்டி பக்கம் ஒரு வீடு. போனில் 0.5 லென்ஸ் (இடத்தை அகலமாகக் காட்டுவது) வைத்து எடுத்தேன், சமையல்கட்டு கல்யாண மண்டபம் மாதிரி வந்தது. திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். அந்த அம்மா சமையல்கட்டில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, படத்துல பாத்தது இந்த வீடுதானுங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. அன்றோடு அந்த லென்ஸை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு அறைப் படத்திலும் 10க்கு 12, 8க்கு 9 என்று அளவையே எழுதுகிறேன்.

மனைப்பிரிவு விற்பவர்களுக்கு ஒரு விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் விளம்பரத்தில் இருந்தே ஆக வேண்டும். ஸ்லைடுஷோவும் விளம்பரம்தானுங்க. கடைசிப் படத்தில் பொடி எழுத்தில் போடாமல் முதல் படத்திலேயே போடுங்கள்.

(வேளச்சேரி, வாடகைக்கு வீடு தேடியவர்)

நான் பார்க்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதம் வீடு தேடினோம். ஒரு ஸ்லைடுஷோ அவ்வளவு அழகாக இருந்தது, வாடகையும் குறைவு. பேசியவர், "நிறையப் பேர் கேக்கறாங்க மேடம், 5,000 டோக்கன் போட்டு வச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்றார். என் கணவர் அனுப்பத் தயாராகிவிட்டார். படத்தில் ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. வேளச்சேரியில் எங்கே மலை? உடனே வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொன்னேன். எண்ணை பிளாக் செய்துவிட்டார். வேறு ஏதோ ஊர் வீட்டின் படங்கள்.

அதிலிருந்து தெரு, வாசல் இல்லாமல் உள் அறைகள் மட்டும் ஓடுகிற ஸ்லைடுஷோவை நான் நம்புவதில்லை. தாம்பரம் சார் மாதிரி ரோட்டு முனையிலிருந்து தொடங்கினால், பார்க்கிற எங்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

(மதுரை, வீட்டை விற்கப் போகிறவர்)

எங்கள் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. படங்களைப் பொதுவில் போடப் பயமாக இருக்கிறது. சாமான்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அம்மா இன்னும் எதையும் எடுக்க விடவில்லை. என்ன செய்யலாம் சார்?

(தாம்பரம், வீட்டை விற்றவர்)

கதவு எண் தெரியும் படம் வேண்டாம். பூட்டு, பீரோ, பத்திரம், கரண்ட் பில் எதுவும் படத்தில் வரக்கூடாது. இன்னொன்று, போட்டோவை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது, ஆனால் எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்தே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். பூட்டிய வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். அப்பா படத்தையும் மருந்து டப்பாக்களையும் மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு மற்றதை அப்படியே படம் எடுத்தேன். ஹாலில் ஊஞ்சல் இருந்தது, அதையும் கழற்றவில்லை. மஸ்கட் தம்பி ஓதத்தைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, "அந்த ஊஞ்சலைக் குடுப்பீங்களா சார்? எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றார். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு அம்மாக்களும் அரை மணி நேரம் பேசினார்கள். ஊஞ்சல் இன்னும் அங்கேதான் ஆடுகிறது.